கேம் ஆடிக்கொண்டே உங்கள் பாட்டைக் கேட்க: கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்து வீடுகளில் பகலெல்லாம் கேம் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த நாட்களில் தம்பிமார் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பாட்டை ஓடவிட்டுவிட்டு கேமைத் திறந்தால் பாட்டு நின்றுவிடுகிறது. பாட்டை மறுபடி ஓடவிட்டால் கேமின் ஒலி அமுங்கிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்க என்ன வழி? இதே கேள்வியோடு நானும் நீண்ட காலம் அலைந்திருக்கிறேன். கிடைத்த விளக்கங்களெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. கடைகளில் கேட்டால் ஆளுக்கொரு பொருளை வாங்கச் சொன்னார்கள். பெரும்பாலும் காசே செலவில்லாமல் முடிகிற வேலை இது என்பதால், புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்த அலைச்சலைப் படக்கூடாது என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்த ஒலியை நிறுத்தப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கேமிலிருந்து வரும் சத்தம் ஒன்றாகக் கேட்டாலும் அதற்குள் மூன்று பகுதிகள் இருக்கின்றன. பின்னணி இசை ஒன்று. இன்ஜின் உறுமல், காலடி, துப்பாக்கி, பந்து மட்டையில் படும் சத்தம் போன்ற விளைவொலிகள் இரண்டாவது. உடன் ஆடுகிறவர்களின் பேச்சு மூன்றாவது. உங்கள் பாட்டு வந்து உட்கார வேண்டியது முதல் பகுதியின் இடத்தில் மட்டும்தான். எனவே எந்தக் கேமாக இருந்தாலும் முதலில் அதன் செட்டிங்ஸுக்குள் சென்று, ஆடியோ அல்லது சவுண்ட் என்ற பகுதியில் மியூசிக் என்பதை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். எஸ்எஃப்எக்ஸ் அல்லது எஃபெக்ட்ஸ் என்று இருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள். பலர் இந்த ஒரு படியைச் செய்யாமல் போனின் மொத்த ஒலியையும் குறைத்துவிட்டு, இரண்டு இசைகள் ஒன்றோடொன்று மோதுவதைச் சகித்துக்கொண்டு ஆடுகிறார்கள்.

எல்லாக் கேமுக்கும் பாட்டு பொருந்தாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பஸ், லாரி ஓட்டும் கேம்கள், கார் பந்தயம், கிரிக்கெட், கால்பந்து, விவசாயம் செய்யும் கேம்கள், புதிர்கள் ஆகியவற்றுக்குப் பாட்டு நன்றாகச் சேரும். பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் போன்ற துப்பாக்கிச் சண்டைக் கேம்களில் எதிராளியின் காலடி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதால் கணித்துத்தான் ஆட வேண்டும்; தரவரிசைப் போட்டி ஆடும்போது அங்கே பாட்டு ஓடினால் தோல்வி நிச்சயம். பயிற்சி ஆட்டத்தில் வேண்டுமானால் ஓடவிடுங்கள். கதை சொல்லும் கேம்களை முதல் முறை ஆடும்போதும் பாட்டை விட்டுவிடுவதே நல்லது, ஏனென்றால் அவற்றின் இசையும் வசனமும் கதையோடு சேர்த்து அமைக்கப்பட்டவை.

2. பாட்டை ஃபைலாகக் கையில் வைத்திருங்கள்

இணையத்திலிருந்து ஓடும் பாட்டைவிட, போனிலோ மெமரி கார்டிலோ எம்பி3 ஃபைலாக இருக்கும் பாட்டே இந்த வேலைக்கு உகந்தது. இதற்குக் காரணங்கள் உண்டு. ஆன்லைன் கேம் ஓடும்போதே பாட்டும் இணையத்திலிருந்து வந்தால், சிக்னல் மெலிந்த இடங்களில் கேம் தடுமாறும். நம் பகுதியில் எல்லா வீட்டுக்குள்ளும் ஒரே அளவில் சிக்னல் வருவதில்லை. தனுஷ்கோடிப் பக்கம் சென்றால் போன் சில வேளைகளில் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும்; அங்கே டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க் தேர்வை மேனுவலாக மாற்றி, உங்கள் நிறுவனத்தையே தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுக் கணக்கு எளிது. 128 கேபிபிஎஸ் தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு ஏறக்குறைய 5 எம்பி பிடிக்கும்; 320 கேபிபிஎஸ் தரத்தில் 12 எம்பி. கேமின் சத்தத்தோடு கலந்து கேட்கப்போகும் பாட்டுக்கு 128 அல்லது 192 போதும் என்பது என் கருத்து. 320-க்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை இன்ஜின் சத்தத்துக்கு நடுவே யாரும் கண்டுபிடிக்க முடியாது. 128 தரத்தில் 32 ஜிபி மெமரி கார்டு ஒன்றில் ஆயிரக்கணக்கான பாடல்கள் அடங்கும்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன், யூடியூப் மியூசிக் போன்ற செயலிகளில் பணம் கட்டி டவுன்லோட் செய்த பாட்டு உங்கள் கையில் இருக்கும் ஃபைல் ஆகாது. அது பூட்டப்பட்ட வடிவத்தில் அந்தச் செயலிக்குள்ளேயே இருக்கும். பென்டிரைவில் போட முடியாது, கேமின் பாட்டுப் போல்டருக்குள் போட முடியாது, சந்தா முடிந்ததும் ஓடாது. ஸ்பாட்டிஃபையில் 30 நாட்களுக்கு ஒரு முறையாவது இணையத்தோடு இணைந்தால்தான் டவுன்லோட் செய்தவை ஓடும். போனில் மட்டும் ஆடுகிறவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல் அன்று; கணினியிலும் பிளேஸ்டேஷன் 4-இலும் பாட்டை ஃபைலாகப் போட்டு ஆட நினைப்பவர்கள் இதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

அப்படியானால் ஃபைல் எங்கே கிடைக்கும்? வீட்டில் பழைய ஆடியோ சிடிகள் இருந்தால், வின்டோஸ் மீடியா பிளேயரில் ரிப் என்ற வசதியைக் கொண்டு எம்பி3 ஆக மாற்றிக்கொள்ளலாம். மடிக்கணினியில் சிடி டிரைவ் இல்லாவிட்டால் யுஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்றை யாரிடமாவது ஒரு நாள் இரவல் வாங்குங்கள், புதிதாக வாங்கத் தேவையில்லை. கேசட் இருந்தால், டேப் ரெக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து ஆக்ஸ் கேபிள் போட்டு மடிக்கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதியலாம். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. தனி இசைக்கலைஞர்கள் சிலர் பேண்ட்கேம்ப் தளத்தில் எம்பி3 ஆகவே விற்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது நாமே பதிந்தவை. கோயில் திருவிழா நாதஸ்வரம், சந்தனக்கூடு நாள் கொட்டு, வலை இழுக்கும்போது பெரியவர்கள் பாடும் அம்பாப் பாட்டு ஆகியவற்றைப் போனிலேயே பதியலாம். காற்று வரும் பக்கத்துக்கு மறுபுறமாகப் போனின் மைக்கைத் திருப்பி, மெல்லிய துணி ஒன்றை அதன்மேல் ஒரு சுற்றுச் சுற்றிப் பதிந்தால் கடற்காற்றின் இரைச்சல் பெருமளவு குறையும். போன் எம்4ஏ வடிவத்தில் சேமித்திருந்தால், ஆடாசிட்டியோடு எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசத் துணை மென்பொருளையும் நிறுவி, அதில் திறந்து எம்பி3 ஆக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். அம்பாப் பாட்டின் தாளம் லாரி ஓட்டும் கேமோடு எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்பதை ஒரு முறை கேட்டால்தான் தெரியும்.

3. ஆண்ட்ராய்டு போனில் இரண்டு ஒலியையும் சேர்த்தல்

ஆண்ட்ராய்டில் ஒலிக்கு ஒரு முறை உண்டு. ஒரு செயலி ஒலி எழுப்பத் தொடங்கும்போது, 'இப்போது ஒலி என்னுடையது' என்று போனிடம் உரிமை கேட்கும். அதுவரை ஓடிக்கொண்டிருந்த செயலி ஒதுங்கிக்கொள்ளும். சில கேம்கள் இந்த உரிமையைக் கேட்பதில்லை, அவற்றில் பாட்டு தானாகவே சேர்ந்து ஓடும். கேட்கிற கேம்களில்தான் சிக்கல். அதைத் தீர்க்கப் பின்வரும் வரிசையில் முயலுங்கள்.

முதலில் கேமைத் திறந்து அது முழுவதும் ஏறி முடியும் வரை காத்திருங்கள். பிறகு திரையின் மேலிருந்து நோட்டிஃபிகேஷனை இழுத்து, பாட்டின் பிளே பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான கேம்கள் தொடங்கும்போது ஒரு முறை மட்டுமே உரிமை கேட்கின்றன என்பதால், அதற்குப் பின் ஓடவிட்ட பாட்டு நிற்காது. பாதிப் பேருக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும்.

இதில் முடியாவிட்டால் போனின் நிறுவனத்தைப் பாருங்கள். சாம்சங் போனில் கேலக்ஸி ஸ்டோரிலிருந்து சவுண்ட் அசிஸ்டன்ட் என்ற இலவசச் செயலியை இறக்கினால், அதில் மல்டி சவுண்ட் என்ற வசதி இருக்கும். எந்தச் செயலிகள் சேர்ந்து ஒலிக்கலாம் என்றும், ஒவ்வொன்றும் எவ்வளவு சத்தத்தில் ஒலிக்கலாம் என்றும் அங்கே தனித்தனியாக வைக்கலாம். ஷாவ்மி, ரெட்மி போன்களிலும் ஒலி அமைப்புகளுக்குள் இதே போன்ற பகுதி உண்டு. செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் சவுண்ட் என்று தட்டினால் உங்கள் போனில் இருப்பது தெரிந்துவிடும்.

பாட்டு சில நிமிடங்கள் ஓடிவிட்டுத் தானாக நின்றால், அது ஒலி உரிமைச் சிக்கல் அன்று. போன் நினைவகம் போதாமல் பாட்டுச் செயலியை மூடிவிடுகிறது. செட்டிங்ஸில் அந்தச் செயலியைத் திறந்து, பேட்டரி என்ற இடத்தில் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள். போனில் கேம் மோடு, கேம் பூஸ்டர் என்று ஏதேனும் இருந்தால், பின்னணிச் செயலிகளை மூடும் வசதியை அதில் அணையுங்கள். 4 ஜிபி ரேம் உள்ள போன்களில் கனமான பாட்டுச் செயலிகளுக்குப் பதிலாக விஎல்சி போன்ற எளிய பிளேயரைப் பயன்படுத்துவது நல்லது. யூடியூப் இலவசக் கணக்கில் திரையை விட்டு வெளியேறியதும் பாட்டு நின்றுவிடும். அது பழுது இல்லை, அவர்கள் வைத்திருக்கும் ஏற்பாடே அப்படித்தான். அதை ஏமாற்ற உதவும் என்று சொல்லி வரும் ஏபிகே ஃபைல்களை, அதாவது பிளே ஸ்டோருக்கு வெளியே கைமாறும் செயலிகளை, வாங்கிப் போனில் ஏற்றாதீர்கள். உங்கள் பணம் இருக்கும் யுபிஐ செயலியும் அதே போனில்தான் இருக்கிறது, அதற்கும் ஆபத்து.

ஐபோனில் வழி எதிர்த்திசையில் செல்கிறது. அங்கே பாட்டை முதலில் ஓடவிட்டுப் பிறகு கேமைத் திறக்க வேண்டும். பல கேம்கள் பாட்டு ஓடுவதை அறிந்து தம் இசையைத் தாமே நிறுத்திக்கொள்ளும்.

இத்தனைக்கும் பிறகு சரிவராவிட்டால், வீட்டில் கிடக்கும் பழைய போனில் பாட்டை ஓடவிட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு, புதிய போனில் கேமை ஆடுங்கள். எளிமையாகத் தோன்றினாலும் இதில் எதுவும் எதனோடும் மோதுவதில்லை, புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

இரவுத் தங்கலுக்குக் கடலுக்குச் செல்கிறவர்கள் வலை விட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் போனில் ஆடுவது உண்டு. கரையை விட்டு விலகிய சிறிது நேரத்தில் சிக்னல் போய்விடும் என்பதால் இணையம் தேவைப்படாத கேமும் மெமரி கார்டில் உள்ள பாட்டும்தான் அங்கே உதவும். படகில் இரண்டு காதிலும் இயர்போன் மாட்டாதீர்கள். வயர்லெஸ் செட்டில் யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டும், இன்ஜின் சத்தம் மாறினாலும் கேட்க வேண்டும்.

4. கம்பி இயர்போனா, புளூடூத்தா

கேமுக்குக் கம்பிதான். சாதாரண புளூடூத் இயர்போனில் ஒலி, திரையில் நடப்பதைவிட ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிந்தி வரலாம். பாட்டுக்கு அது தெரியாது, மட்டையில் பந்து படும் சத்தம் பிந்தினால் தெரியும். இன்னொரு சிக்கல் பலருக்குப் புரியாமலேயே இருக்கிறது. கேமில் மைக்கை இயக்கிய உடனே, புளூடூத் இயர்போன் பாட்டுக்கான முறையிலிருந்து போன் பேச்சுக்கான முறைக்கு மாறிவிடும். பாட்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கத் தொடங்கும். இயர்போன் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்காதீர்கள். மைக்கை அணைத்தால் பழைய தரம் திரும்பிவிடும். பேசிக்கொண்டே ஆட வேண்டுமென்றால் மைக் உள்ள கம்பி இயர்போனை வாங்குங்கள்.

புதிய போன்கள் பலவற்றில் இயர்போன் துளை இல்லை. டைப்-சி கன்வெர்ட்டர் தேவைப்படும். இதில் இரண்டு வகை உண்டு, பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். டிஏசி என்ற சில்லு உள்ளே இருக்கும் வகை ஏறக்குறைய எல்லாப் போனிலும் வேலை செய்யும். சில்லு இல்லாத மலிவான வகை சில போன்களில் மட்டுமே வேலை செய்யும். இராமநாதபுரத்தில் அரண்மனைப் பக்கமோ சாலைத் தெருவிலோ வாங்கும்போது, உங்கள் போனையும் இயர்போனையும் கையில் கொண்டுபோய், அங்கேயே செருகி, பாட்டை ஓடவிட்டு, மைக்கில் பேசிப் பதிந்து கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். 'எல்லாப் போனுக்கும் ஆகும்' என்ற உறுதிமொழியை மட்டும் நம்பி என்னிடம் விற்கப்பட்ட ஒன்று, வீட்டுக்கு வந்து செருகியபோது ஒலியே தரவில்லை. திரும்பக் கொண்டுபோனால் பில் இல்லை என்று மறுத்துவிட்டார்கள்.

நம் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. கடலிலிருந்து சில தெரு தள்ளியிருக்கும் வீட்டில்கூட இயர்போன் பின்னின் பொன்னிற வளையங்களுக்கு இடையே பச்சை படிந்துவிடும். அதன் பிறகு ஒரு காதில் மட்டும் கேட்பது, கரகரப்பது, அழுத்தாமலே பாட்டு நிற்பது எல்லாம் தொடங்கும். கரகரப்பு வந்தால் முதலில் செட்டிங்ஸை மாற்றாதீர்கள், பின்னைப் பாருங்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹால் சிறிது பஞ்சில் தொட்டுப் பின்னைத் துடைத்து, முழுதும் காயவிட்டுச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். போனின் துளைக்குள் ஊசி, குண்டூசி எதையும் விடாதீர்கள். பயன்படுத்தாத நேரத்தில் இயர்போனை மூடியுள்ள டப்பாவில், அரிசி டப்பாவின் பக்கத்தில் ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ஜன்னல் ஓரத்தில் தொங்கவிட்டால் ஆறு மாதம்கூடத் தாங்காது.

5. கணினியில்

வின்டோஸ் கணினியில் ஒலி உரிமைச் சண்டை கிடையாது. எல்லாம் சேர்ந்தே ஓடும். செய்ய வேண்டியது அளவை ஒழுங்குபடுத்துவது மட்டும். கேம் ஓடும்போதே வின்டோஸ் விசையையும் ஜி விசையையும் சேர்த்து அழுத்தினால் கேம் பார் வரும், அதில் ஆடியோ என்ற கட்டத்தில் கேமுக்கும் பாட்டு பிளேயருக்கும் தனித்தனி அளவுகோல்கள் இருக்கும். அங்கே ஒரு முறை வைத்தால் போதும்.

ஒரே ஒரு பொறி உண்டு. நண்பர்களோடு கால் பேசிக்கொண்டே ஆடும்போது பாட்டு திடீரென்று அடங்கிப்போகும். வின்டோஸ், பேச்சு நடப்பதாக உணர்ந்தால் மற்ற ஒலிகளை 80 விழுக்காடு குறைக்குமாறு அமைக்கப்பட்டிருப்பதுதான் காரணம். பழைய சவுண்ட் கண்ட்ரோல் பேனலைத் திறந்து, கம்யூனிகேஷன்ஸ் என்ற தாளில், எதுவும் செய்யாதே என்ற கடைசி வரியைத் தேர்ந்தெடுங்கள்.

சில கேம்கள் உங்கள் பாட்டைத் தம் காருக்குள்ளேயே ஓடவிடும், அதற்கு ஈடான இன்பம் வேறில்லை. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸின் பழைய கணினிப் பதிப்பை ஆடினால், டாக்குமென்ட்ஸுக்குள் உள்ள அதன் யூசர் ஃபைல்ஸ் போல்டரில் யூசர் டிராக்ஸ் என்ற போல்டர் இருக்கும். எம்பி3 ஃபைல்களை அதில் போட்டு, கேமின் ஆடியோ அமைப்பில் ஸ்கேன் கொடுத்துவிட்டால், காரில் ஏறியதும் ரேடியோ அலைவரிசைகளில் ஒன்றாக உங்கள் பாட்டு வரும். ஜிடிஏ ஃபைவின் கணினிப் பதிப்பில் அந்தப் போல்டரின் பெயர் யூசர் மியூசிக், அலைவரிசையின் பெயர் செல்ஃப் ரேடியோ. இரண்டிலும் ரேடியோ, ரேண்டம், வரிசை என மூன்று முறைகள் உண்டு. விளம்பரக் குறுக்கீடு வேண்டாமென்றால் ரேண்டமில் வையுங்கள். பாட்டு சேர்த்த பிறகு ஸ்கேன் கொடுக்க மறந்தால் ஒன்றும் வராது.

யூரோ டிரக் சிமுலேட்டர் 2 ஆடுகிறவர்களுக்கு இன்னும் எளிது. டாக்குமென்ட்ஸில் அந்தக் கேமின் போல்டருக்குள் மியூசிக் என்ற போல்டரில் எம்பி3 ஃபைல்களை வைத்துவிட்டால், லாரியில் ஆர் விசையை அழுத்தினால் பிளேயர் திறக்கும். இணைய வானொலியையும் அதில் கேட்கலாம். மியூசிக் போல்டருக்கு வெளியே, கேமின் போல்டரில் உள்ள லைவ் ஸ்ட்ரீம்ஸ் என்ற ஃபைலை நோட்பேடில் திறந்து, கடைசி வரிசைக்குக் கீழே அடுத்த எண்ணிட்டு வானொலியின் முகவரியைச் சேர்த்து, மேலே உள்ள மொத்த எண்ணிக்கையையும் ஒன்று கூட்டிச் சேமிக்க வேண்டும். எண்ணிக்கையைக் கூட்டாவிட்டால் புதிய அலைவரிசை தோன்றாது. மாற்றுவதற்கு முன் அந்த ஃபைலின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இணைய வானொலிக்கு முயற்சி செய்ய விரும்பாதவர்கள், பக்கத்தில் சின்ன எஃப்எம் ரேடியோ ஒன்றை வைத்துக்கொள்ளலாம். பாம்பனிலிருந்து வரும் கடல் ஓசை 90.4 சமூக வானொலியும், காற்றும் வானமும் ஒத்துழைக்கும் நாட்களில் இலங்கைத் தமிழ் வானொலிகளும் நம் கரைக்குத் தெளிவாகக் கேட்கும்.

6. பிளேஸ்டேஷனில்

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடிப் பக்கம் பல வீடுகளில் வளைகுடாவிலிருந்து மச்சான்மாரோ அண்ணன்மாரோ கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 4 இருக்கிறது. அதில் பாட்டுக்கு இணையமோ கணக்கோ தேவையில்லை. பென்டிரைவை எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். என்டிஎஃப்எஸ் முறையில் இருந்தால் படிக்காது. அதில் வேறு எந்தப் போல்டருக்குள்ளும் இல்லாமல், நேரடியாக மியூசிக் என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட ஒரு போல்டரை உருவாக்கி, எம்பி3 அல்லது எம்4ஏ பாடல்களை அதற்குள் போடுங்கள். கன்சோலில் செருகி, கேம் ஓடும்போது பிஎஸ் பட்டனை அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில் மியூசிக் என்பதைத் திறந்து பாட்டை ஓடவிடலாம். அளவையும் அங்கேயே கூட்டிக் குறைக்கலாம். போல்டரின் பெயரில் எழுத்து மாறினால் பென்டிரைவ் காலியாக இருப்பதாகவே காட்டும், பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்கள் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் செயலிகளை நிறுவி, பிஎஸ் பட்டனை அழுத்தினால் கீழே வரும் மியூசிக் குறியிலிருந்து ஓடவிடலாம்.

துபாய் கன்சோலின் பிளக் நம் சுவரில் பொருந்தாது. கன்வெர்ட்டர் மேல் கன்வெர்ட்டராகச் செருகி ஆட்டங்காண வைக்காமல், எட்டு வடிவத் துளைக்கான நம் ஊர் மின்கம்பியை வாங்கிப் போடுங்கள். மின்பொருள் கடைகளில் சிறிய தொகைக்குக் கிடைக்கும். உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு நின்றுவிடுவதுதான் வழக்கம் என்றாலும், கொண்டுவந்தவரிடமிருந்து பில்லின் போட்டோவையாவது வாங்கி வையுங்கள்.

7. ஒலி அளவு

முதலில் பாட்டை நிறுத்திவிட்டு, கேமின் விளைவொலி வசதியாகக் கேட்கும் அளவில் வையுங்கள். பிறகு பாட்டை மெதுவாகக் கூட்டி, விளைவொலி மறையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். பாட்டை முதலில் வைத்துவிட்டு அதற்கு மேல் கேமை ஏற்றினால், இரண்டையும் மாறி மாறிக் கூட்டிக்கொண்டே போவீர்கள். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் வரை 80 டெசிபல், சிறுவர்களுக்கு 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. பக்கத்தில் நிற்பவர் சாதாரணக் குரலில் பேசுவது கேட்கவில்லையென்றால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

8. செலவும் ஆவணமும்

மைக் உள்ள நல்ல கம்பி இயர்போன் 300 முதல் 700 ரூபாய்க்குள் கிடைக்கும். டிஏசி உள்ள கன்வெர்ட்டருக்கு அதே அளவு ஆகும். பழைய பென்டிரைவ் இருந்தால் அதுவே போதும். எதை வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள். வெப்பத்தில் எழுத்து மங்கும் காகிதம் என்பதால் அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

சந்தா கட்டத்தான் வேண்டுமென்றால், கல்லூரியில் படிப்பவர்கள் மாணவர் திட்டத்தைத் தேடுங்கள். அதற்குக் கல்லூரி அடையாள அட்டை அல்லது நடப்பு ஆண்டுக் கட்டண ரசீது கேட்பார்கள். அட்டையில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் முதலெழுத்து வரை ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிராகரித்துவிடுவார்கள். ஸ்பாட்டிஃபையில் ஒவ்வோர் ஆண்டும் இதை மறுபடி காட்ட வேண்டும்.

முதல் மாதம் இலவசம் என்று வரும் திட்டங்கள் யுபிஐ ஆட்டோபே அனுமதியை வாங்கிக்கொள்ளும். மாதம் முடிந்ததும் பணம் தானாகப் போகும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த அறிவிப்பு அப்பாவின் போனுக்கு வந்து யாரும் படிக்காமல் போவதுதான் நம் வீடுகளில் நடக்கிறது. எனவே சேர்ந்த அன்றே உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து, எவ்வளவு தொகைக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். வேண்டாமென்றால் சந்தாவை ரத்து செய்வதோடு நிறுத்தாமல் ஆட்டோபேயையும் அங்கே ரத்து செய்யுங்கள். செயலியைப் போனிலிருந்து அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று எண்ணுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அது நிற்காது.

9. ஆட்டத்தைப் பதிந்து யூடியூபில் போடுகிறவர்கள் மட்டும் படிக்க

வீட்டில் உங்கள் காதுக்குள் கேட்கும் பாட்டில் யாருக்கும் பிரச்சினை இல்லை. அதே பாட்டு உங்கள் வீடியோவில் பதிந்து யூடியூபுக்குச் சென்றால், அதன் பதிப்புரிமை வைத்திருக்கும் நிறுவனத்தின் உரிமைகோரல் தானாகவே வந்து விழும். வருமானம் அவர்களுக்குப் போகும், அல்லது வீடியோ முடக்கப்படும். இது ஸ்டிரைக், அதாவது சேனல்மீது விழும் தண்டனைக் குறி, அன்று. நிறுவனம் முறைப்படி நீக்கக் கோரினால்தான் ஸ்டிரைக் வரும். 90 நாட்களுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும். சில நொடிகள் மட்டும் போட்டால் பரவாயில்லை, வேகத்தைக் கூட்டினால் பிடிபடாது என்று பரவும் பேச்சுகளை நம்பாதீர்கள்.

பாட்டைக் கேட்டுக்கொண்டே ஆடலாம், வீடியோவில் அது பதியாமல் பார்த்துக்கொள்ளலாம். கணினியில் ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருளில் டெஸ்க்டாப் ஆடியோவை அணைத்துவிட்டு, அப்ளிகேஷன் ஆடியோ கேப்சர் என்ற மூலத்தைச் சேர்த்து அதில் கேமை மட்டும் தேர்ந்தெடுங்கள். பாட்டு உங்களுக்குக் கேட்கும், பதிவில் இருக்காது. ஸ்பீக்கரில் பாட்டு ஓடினால் மைக் வழியாக உள்ளே நுழைந்துவிடும் என்பதால் இயர்போன் மாட்டித்தான் ஆட வேண்டும். பிளேஸ்டேஷனில் ஸ்பாட்டிஃபை பாட்டு பதிவில் சேராதவாறு அவர்களே அமைத்திருக்கிறார்கள். போனில் இப்படிப் பிரிக்க எளிய வழி இல்லை. பழைய போனில் பாட்டை வைத்து இயர்போனில் கேட்பதும், பதியும் போனின் மைக்கை அணைத்துவைப்பதும்தான் வழி.

வீடியோவில் பாட்டு இருந்தே ஆக வேண்டுமென்றால், நீங்கள் பதிந்த அம்பாப் பாட்டையோ கொட்டையோ போடலாம். பாடியவரிடமும் வாசித்தவரிடமும் முன்கூட்டியே கேட்டு, சம்மதத்தை எழுத்திலோ குரல் பதிவாகவோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திருவிழா நாதஸ்வரத்தில் திரைப்பாட்டு மெட்டு வாசித்திருந்தால் அதற்கும் உரிமைகோரல் வரலாம். எதுவாக இருந்தாலும் யூடியூபில் ஏற்றும்போது வெளியிடுவதற்கு முன் செக்ஸ் என்றொரு படி வரும். அது பதிப்புரிமையைச் சோதித்து முடிக்கும் வரை காத்திருந்து, சிக்கல் இல்லை என்று காட்டிய பிறகே வெளியிடுங்கள். நீளமான வீடியோவுக்கு இந்தச் சோதனை நேரம் பிடிக்கும் என்பதால், மாலையில் வெளியிட வேண்டியதைக் காலையிலேயே ஏற்றிவிடுங்கள்.